ஒதுக்கி வைத்த மணல்

கோபி பக்கம் பவானி ஆற்றில் எடுத்த அந்த ஒரு பை மணலை அறிக்கையில் சேர்க்காமல் விட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மனிதர் கை பட்டுக் கலைந்துபோன இடத்து மணலை வைத்து ஆறு அதை எங்கிருந்து கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை விட்டுவிடலாம் என்று அவ்வளவு சீக்கிரம் எனக்குத் தோன்றியது எப்படி என்பதில்தான் மனசு ஆறவே இல்லை.

பவானி மணலில் என்ன வரும் என்று முன்பே ஓரளவு தெரியும். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட், ஏறக்குறைய 250 கோடி வருடத்துப் பாறை. மணலைச் சலித்து புரோமோஃபார்ம் என்ற கனத்த திரவத்தில் போட்டால் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், கனத்த தாதுக்கள் அடியில் இறங்கும். அடியில் இறங்கியதை நுண்ணோக்கியில் வைத்து மேடையைத் திருப்பினால் ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்; எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. கூடவே கார்னெட். அப்புறம் சிர்க்கான், அதற்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். அந்தப் பையில் 300 கோடி வருடத்தைத் தாண்டிய சிர்க்கான்கள் கிடைத்தன. அவ்வளவு பழசு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கர்நாடகத்துத் தார்வார் பாறைகள், அதாவது காவிரி வருகிற வழி. பவானி காவிரியில் சேரும் கூடுதுறைக்கு இவ்வளவு மேலே, பவானிக்குள் காவிரி மணல் எப்படி வரும்?

திரும்பப் போனேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஏனுங்க அப்பாரு, இந்த இடத்துல ஏதாச்சும் வேலை நடந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க அள்ளுனீங்களே அம்மணி, அங்கதான் பாலத்து வேலைக்குக் காவேரி மணலை லாரி லாரியாக் கொண்டாந்து கொட்டியிருந்தாங்க. தண்ணி வந்து பாதியை அடிச்சுட்டுப் போயிருச்சு."

அவ்வளவுதான் பேச்சு. மேட்டூர் அணை 1934-லேயே வந்துவிட்டது, மேலிருந்து வரும் மணலை அது நிறுத்திவிடும், ஆனால் அதற்குக் கீழேயும் ஆற்றின் அடியில் பழைய காவிரி மணல் கிடக்கத்தானே செய்யும், அதைத்தான் லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்று வண்டியில் வரும்போதே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் குழுவின் மூத்தவரிடம் சொன்னேன். "சரி, அந்தப் பையை நீக்கிடு. 'கலைந்த இடம்'னு ஒரு வரி போட்டுடு" என்றார்.

பெரியவர் பொய் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 250 கோடி என்று வந்திருந்தால் நான் திரும்பப் போயிருப்பேனா? மற்ற இடங்களில் எண்கள் எதிர்பார்த்தபடி வந்தன, அங்கெல்லாம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், சந்தேகம் வந்த இடத்தைத்தான் தோண்ட முடியும், ஒவ்வொரு பைக்கும் ஊர் ஊராகப் போய் விசாரிக்க நேரம் ஏது. இந்த நியாயம் எனக்கே பாதிதான் ஒப்புகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பவானிசாகரில் வந்து சேர்கிற மோயாற்றின் வழியிலும், சத்தியமங்கலம் பக்கத்திலும் பழைய படிவுகள் உருமாறிய பாறைகள் உண்டு, குவார்ட்சைட் உட்பட. சிர்க்கான் லேசில் அழியாது. ஒரு மலை தேய்ந்து மணலாகி, அந்த மணல் பாறையாகி, மறுபடி மணலானாலும் தன் வயதோடு அப்படியே இருக்கும். அப்படியானால் அந்தப் பழைய சிர்க்கான் மணிகள் லாரியில்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பெரியவர் ஒரு காரணம் சொன்னதும் அடுத்ததைத் தேட மனசு வரவில்லை.

வெள்ளம் இப்போது ஏறாத உயரத்தில், பழைய கரை மேட்டில் குழி வெட்டிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். 1955-இல் பவானிசாகர் அணை வருவதற்கு முன்னால் படிந்த மணல் அங்கே கிடைக்கும், லாரி அதைத் தொட்டிருக்காது. அங்கேயும் 300 கோடி வந்தால் அந்தப் பையை மறுபடி அறிக்கையில் சேர்த்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. மோயாற்று மணலும் இருந்திருக்கும், காவிரி மணலும் வந்து விழுந்திருக்கும், எந்த மணி எதிலிருந்து என்று ஒரே பைக்குள் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.