இல்லாத இருவரிடம் நான் எடுத்த டிரா

நாற்பத்தொரு வயதில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் என் பெயருக்கு நேரே 1459 என்று ஓர் எண் ஏறியது; ஆட்டத் திறனை அளக்கும் ரேட்டிங் அது. அதில் ஒரு பங்கு, நான் ஆடவே ஆடாத இரண்டு ஆட்டங்களால் வந்தது.

அதற்கு முன்பே இணையத்தில், லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்தில் 1700 ரேட்டிங் வைத்திருந்தேன். அங்கே புதியவருக்கு 1500 கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணை அவர்களே இன்னும் நம்பவில்லை என்று பொருள். ஆட ஆடக் கேள்விக்குறி மறையும். அந்தத் தளத்தில் ஆடுபவர்களுக்குள் ஒப்பிட மட்டுமே உதவும் எண் அது என்பது தெரியாமல், சென்னையில் ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். முதல் சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தவனுக்குக் கால் தரையில் எட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும், "அங்கிள், யானையைக் கவனிக்கவில்லையா?" என்று அக்கறையோடு விசாரித்தான்.

வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில் ஒன்பதில் நாலரை எடுத்தேன். பாதிக்குப் பாதி, மோசமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று வெற்றிகள் என்னைப் போலவே ரேட்டிங் இல்லாதவர்களிடம் கிடைத்தவை; அவை கணக்கில் சேராது. எடை தெரியாத கல்லை வைத்து எப்படி நிறுப்பது? முதல் ரேட்டிங் பெற, ரேட்டிங் உள்ள ஐந்து பேருடனாவது ஆடியிருக்க வேண்டும். எனக்கு ஆறு பேர் அமைந்தார்கள். அவர்களிடம் எடுத்தது ஒன்றரை.

அந்த ஆறு பேரின் சராசரி 1533. கால் பங்கு மட்டும் எடுத்தவருக்கு அதிலிருந்து 193 கழிக்கச் சொல்கிறது ஃபிடே அட்டவணை. மிச்சம் 1340. முன்பு 1000 ஆக இருந்த அடிமட்டத்தை 2024 மார்ச்சில் 1400 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆகவே எனக்கு எண்ணே கிடைத்திருக்காது. காப்பாற்றியது அப்போதே வந்த இன்னொரு விதி: புதியவரின் கணக்கில் 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை ஆட்டக்காரர்களைச் சேர்த்து, இருவரிடமும் டிரா செய்ததாக வைத்துக்கொள்கிறார்கள். சராசரி 1600 ஆனது; எடுத்தது எட்டில் இரண்டரை; கழிவு 141. அப்படி வந்ததுதான் 1459. ஐந்தாறு ஆட்டங்களை மட்டும் வைத்து ஒருவரை அளந்தால் எண் தாறுமாறாகப் போகும், அதற்கு இது ஒரு முட்டு. நிஜமான 1800காரர் முன்னால் நான் இருபது நகர்த்தல் தாங்கினால் அதிகம்.

அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோவின் முறையை ஃபிடே 1970-இல் ஏற்றது. இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அதன் சாரம். 200 புள்ளி மேலே இருப்பவர் நூறு ஆட்டங்களில் 76 எடுக்க வேண்டும். கணிப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். புதியவருக்கு முதல் 30 ஆட்டங்கள் வரை அது 40.

இந்த 40 என்ன செய்யும் என்பது அடுத்த போட்டியில் தெரிந்தது. 1410 வைத்திருந்த சிறுமியிடம் தோற்றேன். என்னிடம் எதிர்பார்த்தது 0.57, நான் எடுத்தது சுழியம், போனது 22.8. 1560காரர் ஒருவரை வென்றபோது 25.6 வந்தது. அந்த மகிழ்ச்சி மதியச் சாப்பாடு வரைதான். மற்ற சுற்றுகளும் சேர்ந்து, மறு மாதப் பட்டியலில் 1411.

1400-க்குக் கீழே இறங்கினால் மறுபடியும் ரேட்டிங் இல்லாதவன். சமமான ஒருவரிடம் ஒரு தோல்வி 20 புள்ளியைக் கொண்டுபோகும். என் கையிருப்பு 11. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டியாகிவிட்டது.