கியோட்டோவின் கியோன் திருவிழா: இரண்டாம் பாதியின் கலைச்செல்வங்கள்

ஜூலை மாதத்தில் கியோட்டோவுக்குச் செல்லப்போவதாகச் சொன்னால், அந்நகரை அறிந்தவர்கள் முதலில் அதன் வெக்கையைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். மூன்று புறமும் மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்திருப்பதால், மழைக்காலம் முடியும் தறுவாயில் அங்கே காற்று அசைவதே அரிது. ஆனால் யசாகா ஆலயத்தின் கியோன் திருவிழாவைக் காண வேண்டுமானால் அந்த மாதத்தில்தான் செல்ல வேண்டும். கி.பி. 869இல் நாடெங்கும் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் 66 மாகாணங்களைக் குறிக்கும் வகையில் 66 ஈட்டிகளை நிறுத்தி, நோய் நீங்க வேண்டி நடத்திய வழிபாட்டிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் இவ்விழா, இன்று ஜூலை முதல் நாள் தொடங்கி மாதம் முழுவதும் நடைபெறுகிறது.

பெரும்பாலான பயணிகள் 17ஆம் தேதி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர்வலத்தின் பிரம்மாண்டத்தை மறுப்பதற்கில்லை. தரையிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் வரை எடையும் கொண்ட தேர்களின் சட்டகத்தை, ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டியே நிறுத்துகிறார்கள். சக்கரங்களைத் திருப்ப வழியில்லாததால், நாற்சந்தியில் பிளந்த மூங்கில்களைப் பரப்பி, அவற்றின்மேல் நீரூற்றி, பக்கவாட்டில் வடம் பிடித்து இழுத்துத் தேரைத் திசை மாற்றுகிறார்கள். நம் ஊர்த் தேரோட்டத்தில் தேர் மாடவீதி முனையில் திரும்பும்போது எழும் அதே ஆரவாரத்தை அங்கும் கேட்டேன்.

ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது 24ஆம் தேதி ஊர்வலமும், அதற்கு முந்தைய மாலைகளும்தான். 1966இல் இரண்டு ஊர்வலங்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 2014இல்தான் பிந்தைய ஊர்வலம் மீண்டும் தனியாகப் பிரிக்கப்பட்டது. முதல் ஊர்வலத்தில் 23 தேர்கள் வருகின்றன, இதில் 11 மட்டுமே. 21 முதல் 23 வரையிலான மாலைகளில் தெருக்கடைகள் போடப்படுவதில்லை. காகித விளக்குகளின் வெளிச்சத்தில், குழலும் மணியும் பறையும் சேர்ந்த விழா இசையைக் கேட்டுக்கொண்டே ஷின்மாச்சி, முரோமாச்சி தெருக்களில் நெரிசலின்றி நடந்து செல்லலாம்.

ஒவ்வொரு தேருக்கும் உரிமையாளர்கள் அந்தந்தத் தெருவாசிகள். விழா நாட்களில் தெருவின் பொதுமனையைத் திறந்து, தேரை அலங்கரிக்கும் திரைகளையும் சிலைகளையும் உலோக வேலைப்பாடுகளையும் காட்சிக்கு வைக்கிறார்கள். கோய்யாமா தேரின் திரைகள் 16ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டவை. டிராய் நகர மன்னன் பிரியாமும் அரசி ஹெகூபாவும் அவற்றில் இருக்கிறார்கள். ஒரே பெருந்திரையாக வந்ததை, தேரின் அளவுக்கேற்ப வெட்டித் தைத்திருக்கிறார்கள். வெட்டியதை எண்ணி வருந்துவோர் உண்டு. தேருக்கென வெட்டியதாலேயே அது ஒரு தெருவின் உடைமையாகி, தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மினாமி கன்னோன்யாமா தேருக்குரிய செல்வங்களில் இந்தியச் சாயத்துணி விரிப்பு ஒன்று உண்டு. 1684ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து அதில் உள்ளது. முதல் ஊர்வலத்தில் வரும் ட்சுகிஹோகோ தேரையும் 17ஆம் நூற்றாண்டு இந்தியக் கம்பளம் அலங்கரித்திருக்கிறது. ஜப்பான் வெளியுலகத்துக்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில், ஐரோப்பியரில் டச்சுக்காரர்கள் மட்டுமே நாகசாகியில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். அந்த டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனிதான் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையெங்கும் துணி கொள்முதல் செய்துவந்தது. சாயத்துணியில் கைதேர்ந்த ஒரு கடற்கரையிலிருந்து சென்ற எனக்கு, இந்தியத் துணிகள் அங்கே பெற்றிருக்கும் மதிப்பு பெருமகிழ்ச்சி அளித்தது.

பழைய திரைகளில் பலவற்றை இப்போது ஊர்வலத்தில் பயன்படுத்துவதில்லை. வெயிலும் மழையும் இழைகளை அரித்துவிடும் என்பதால், அதே நூல், அதே நிறம், அதே நெசவு என்று ஆராய்ந்து புதிய படிகளை (நகல்களை) நெய்து தேரில் தொங்கவிடுகிறார்கள். மூலத் திரைகள் காப்பறைகளில் பத்திரமாக இருக்கின்றன. படியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பழந்துணியை மீண்டும் நெய்ய முடிகிற அளவுக்கு நெசவுத்திறன் ஒரு நாட்டில் உயிரோடு இருப்பது, அத்துணியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பதைவிடப் பெரிய செயல் என்பது என் கருத்து. 1864ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த ஓஃபுனேஹோகோ தேர் 2014இல் திரும்பி வந்ததும், 1826இல் புயல்மழையில் சேதமடைந்த டக்காயாமா 196 ஆண்டுகளுக்குப் பின் 2022இல் ஊர்வலத்தில் சேர்ந்ததும் அத்தகைய கைகள் இன்றும் இருப்பதால்தான்.

இதே மாலைகளில் ‘பியோபு மட்சுரி’ என்னும் மடிப்புத்திரை விழாவும் நடக்கிறது. பழைய வணிகக் குடும்பங்கள் தெருப்பக்க மரச்சட்டங்களை நீக்கி, பரம்பரையாக வந்த ஓவிய மடிப்புத்திரைகளை முன்கூடத்தில் விரித்து வைக்கின்றன. நுழைவுச்சீட்டு இல்லாமல் தெருவில் நின்றபடியே பார்க்கக்கூடிய வீடுகள் பல உண்டு. பொன் தாள் ஒட்டிய திரையில் வரைந்த பூக்களை அருங்காட்சியகத்தின் சீரான ஒளியில் முன்பே கண்டிருக்கிறேன். பாய் விரித்த கூடத்தின் மங்கிய விளக்கொளியில்தான் அந்தப் பொன் எதற்காக என்பது புரிந்தது. அறையில் உள்ள சிறிதளவு வெளிச்சத்தையும் அது வாங்கித் திருப்பித் தருகிறது. அக்குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்து, பல பழைய வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டதைக் காண வருத்தமாக இருந்தது.

செல்ல விரும்புவோர் ஜூலை 21ஆம் தேதிக்குள் கியோட்டோவை அடைந்துவிடுவது நல்லது. பொதுமனைகளில் பலவற்றில் படமெடுக்க அனுமதி இல்லை என்பதால் நிதானமாகப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். வாசலில் விற்கும் ‘சிமாக்கி’ என்னும் மூங்கிலிலைக் கட்டு உண்ணும் பண்டமன்று. நோய் அண்டாதிருக்க ஓராண்டுக் காலம் வீட்டு நிலைப்படியில் மாட்டி வைப்பதற்கானது. 23ஆம் தேதி இரவில், மினாமி கன்னோன்யாமாவில் உள்ள, கருணையின் போதிசத்துவரான கன்னோனின் சிலையை இளைஞர்கள் தோளில் சுமந்து, குலுக்கிக்கொண்டே தெருவைச் சுற்றி ஓடி வருவார்கள். அதையும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஊர்வலத்துக்குச் செல்லுங்கள்.