விசாவின் அடியில் இருந்த ஒரு வரி

விடுமுறைக்குச் சேலம் வந்திருக்கிறேன். போன வாரம் ஓமலூரிலிருந்து ஒரு தம்பி அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தார். முனைவர் பட்டம் முடித்தவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வாளர் வேலை கிடைத்திருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் வருவோருக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தைக் காட்டி, "அக்கா, கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். 2014-ல் இப்படிக் கேட்க எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று என் விசாவின் அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது: இரண்டாண்டு விதி இவருக்குப் பொருந்தும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு அது. ஜே-1 முடிந்தபின் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வராமல் வேலைக்கான எச்-1பி விசாவும் கிடையாது, நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான அட்டையும் (கிரீன் கார்டு) கிடையாது. அதன் கனம் எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

என் ஆய்வு மக்னீசியா பற்றியது. சேலத்துக்காரர்களுக்கு அதன் தாய்க்கல்லைத் தெரியும். நாம் வெள்ளைக்கல் என்போம். அப்பா அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதைச் சுட்டு வரும் மக்னீசியாவால் செய்த செங்கல்தான் உருக்காலை உலையின் உட்சுவர். என் பேராசிரியர் 2017-ல் பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். அதற்கு எச்-1பி வேண்டும். எச்-1பிக்கு முன்னால் அந்த ஒரு வரி நின்றது.

அந்த விதியிலிருந்து விலக்குப் பெற ஐந்து வழிகள் உண்டு. என் போன்றவர்களுக்கு நடைமுறையில் எளிதானது, நம் அரசு 'ஆட்சேபணை இல்லை' என்று சொல்வது. ஜே-1-ல் போய் மருத்துவமனையில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் பாதையே வேறு. முதலில் டிஎஸ்-3035 படிவத்தை இணையத்தில் நிரப்பி வழக்கு எண் வாங்கி, 120 டாலர் கட்டணத்தோடு அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்பினேன். அது அரை நாள் வேலை. மீதி எல்லாம் இந்தியாவில் இருந்தது: மாநில அரசு, டெல்லியில் உயர்கல்வித் துறை, பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகம், மூன்று இடத்திலும் தனித்தனியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மூன்றும் சேர்ந்தபின் தூதரகம் தன் கடிதத்தை நேரே வெளியுறவுத் துறைக்கு அனுப்பும். அந்தக் கடிதம் நம் கைக்கு வரவே வராது. இப்போது இந்தியாவுக்குள் நடக்கும் பகுதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி வந்துவிட்டது. அன்று எல்லாம் காகிதம்.

காகிதத்தைச் சுமந்தவர் அப்பா. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியலில் சென்னையில் இறங்குவார். கோட்டைக்குப் போய்க் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அன்றிரவே திரும்புவார். நான்கு முறை போனார். இரண்டாம் முறை கோப்பு திரும்பி வந்ததற்குக் காரணம் என் பெயர். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப்பெயர். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தபின்தான் நகர்ந்தது. நம் ஊரில் இது எல்லாருக்கும் வரும் சிக்கல். விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பத்திரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதனாலேயே இரண்டு மாதம் போனது.

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களைக் கவனிக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். விலக்குக்கான பரிந்துரை வந்துவிட்டால் அதன்பின் ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. ஆய்வாளர் ஜே-1-க்கு ஐந்தாண்டு வரம்பு இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். முதலில் டிஎஸ்-2019 படிவத்தைக் கடைசி நாள்வரை நீட்டித்துக்கொண்டு, பிறகே விலக்குக் கேட்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்த என் ஆய்வக நண்பர் ஒருவர், எச்-1பி தயாராகும் முன் ஜே-1 முடிந்து, பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய ஆய்வு பாதியில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எச்-1பி எளிதாகவே முடிந்தது. பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது. எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அமெரிக்க அரசின் 2025 செப்டம்பர் அறிவிப்புக்குப் பிறகு, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றானது. ஆகவே இன்று கிளம்புகிறவர் பல்கலைக்கழகத்திடம் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கிரீன் கார்டுக்கு என் போன்ற ஆய்வாளர்களுக்கு முக்கியமாக மூன்று கதவுகள். இபி-1ஏ, தனித்திறன் உள்ளவர்களுக்கு. பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்று வேண்டும். இபி-1பி, ஆய்வாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும். ஆறில் இரண்டு, மூன்றாண்டு அனுபவம், நிறுவனத்தின் நிரந்தர வேலை. மூன்றாவது, இபி-2-ல் தேசிய நலன் விலக்கு. வேலை தருபவர் யாரும் இல்லாமல் நாமே விண்ணப்பிக்கலாம்.

நான் 2018-லேயே மூன்றாவதைப் போட்டுவைத்தேன். அட்டைக்குப் பிறந்த நாட்டைப் பார்த்துத்தான் வரிசை. ஆண்டுதோறும் தரும் அட்டைகளில் எந்த நாட்டுக்கும் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவில் பிறந்தவருக்கு இபி-2 வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீளும். ஆனால் அந்த மனு ஏற்கப்பட்டால் அதன் தேதி நம்முடையது. பின்னால் இபி-1-ல் போனாலும் அதை எடுத்துச் செல்லலாம். பழைய பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். மனு போட இரண்டாண்டு விதி தடையில்லை. ஆனால் ஜே-1-ல் இருந்துகொண்டு குடியேறும் மனு போட்டவர், வெளியே போய்த் திரும்ப விசா கேட்டால் மறுக்கப்படலாம். அந்தப் பயத்தில் தங்கையின் திருமணத்துக்கு நான் வரவில்லை. வீடியோவில்தான் தாலி கட்டியதைப் பார்த்தேன். இதன் விலை எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மனுவில் என்னைத் திணறடித்தது, அறிவியல் படிக்காத அதிகாரிக்கு என் வேலை அந்த நாட்டுக்கு ஏன் முக்கியம் என்று சொல்வது. நான்கு வரைவுகள் எழுதிக் கிழித்தேன். ஒருநாள் போனில் அப்பா சொன்னார்: "உருக்கு 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கும்போது அதைத் தாங்கி நிற்பது செங்கல்தானே அம்மா. அது கரைந்தால் உலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நஷ்டம். நீ அந்த நிறுத்தத்தைக் குறைக்கிறாய்." அந்த நான்கு வாக்கியங்களையே ஆங்கிலத்தில் எழுதி மனுவின் முதல் பத்தியாக வைத்தேன். என்னோடு வேலை செய்யாத, என் கட்டுரைகளை மட்டும் படித்த ஆய்வாளர்களின் கடிதங்களைச் சேர்த்தேன். ஆய்விதழ்களுக்காக நான் மதிப்பிட்ட கட்டுரைகளின் பதிவுகளையும் சேர்த்தேன். மனு தேறியது.

2021-ல் பல்கலைக்கழகம் எனக்காக இபி-1பி போட்டது. அப்போது இந்தியர்களுக்கு இபி-1 வரிசையே இல்லாமல் திறந்திருந்தது. மறு ஆண்டே அட்டை வந்தது. 2023 ஆகஸ்டில் அதே வரிசை 2012 ஜனவரிக்குப் பின்வாங்கியது; அதாவது, அதற்கு முந்தைய தேதி உள்ளவர்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. கதவு திறந்திருக்கும் நாளில் எல்லாக் காகிதமும் கையில் இருந்ததால் நுழைந்தேன்.

ஓமலூர் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி சொன்னேன். எந்த நாட்டுக்கு எந்தத் துறையில் ஆள் தேவை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பர் 9 அன்று இந்தியா நீக்கப்பட்டது. அந்தப் பட்டியல் ஒன்றால் மட்டும் இரண்டாண்டு விதியில் சிக்கியவர்கள், முன்பு போனவர்களும் சேர்த்து, விடுபட்டுவிட்டார்கள். என்னைக் கட்டியதும் அந்தப் பட்டியல்தான். ஆனால் இந்திய அரசோ அமெரிக்க அரசோ பணம் தந்தால் விதி இன்னும் பிடிக்கும். டிஎஸ்-2019-ன் ஐந்தாம் கட்டத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கும். இருவரும் அதைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு தொகைக்கு எதிரே அமெரிக்க அரசுத் துறை ஒன்றின் பெயர் இருந்தது. கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் தொகையைப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து தர முடியுமா என்று கேட்டு அன்றிரவே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.