ஏற்காட்டு வீட்டில் எல்.வி.எல். உத்திரம்: ஏற்றியதும் அடுக்கியதும் பொருத்தியதும்

ஏற்காட்டில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குள் மரத்தாலான ஒரு மாடித்தளம் அமைத்து வருகிறோம். அதற்கான உத்திரங்கள் இப்போது சுவரில் ஏறிவிட்டன. தேக்குக்குப் பதிலாக எல்.வி.எல். (லேமினேட்டட் வெனீர் லம்பர்) உத்திரங்களைத் தேர்ந்தெடுத்தேன். வெனீர் எனப்படும், சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள மரத் தகடுகளைப் பசையிட்டு அழுத்தி இவற்றைச் செய்கிறார்கள். பிளைவுட்டில் மரநார் ஓடும் ரேகை தகட்டுக்குத் தகடு குறுக்காக மாறும். இதிலோ எல்லாத் தகடுகளின் ரேகையும் நீளவாக்கிலேயே ஓடுகிறது. இந்திய தரநிலையில் இதற்கு ஐ.எஸ். 14616 என்று தனி விவரக்குறிப்பே உண்டு. இம்மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் வெனீராக உரிக்கப்பட்டு பிளைவுட் ஆலைகளுக்குப் போகும் மரந்தான் என்பதால், இந்தப் பொருள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு மரமும் 45 மி.மீ. தடிமன், 240 மி.மீ. உயரம், 4.8 மீட்டர் நீளம். எடை ஏறக்குறைய 30 கிலோ. எடையைக் காட்டிலும் தூக்கும் விதந்தான் முக்கியம். 240 மி.மீ. பக்கம் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்திப் பிடித்தால் இருக்கும் விறைப்பு, படுக்கவைத்தால் ஏறத்தாழ 28-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இருவர் சேர்ந்து நிறுத்திய வாக்கிலேயே தூக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், மரம் பின்னால் நீட்டிக்கொண்டிராதபடி 17 அடி நீளப் பெட்டியுள்ள லாரியையே பிடித்தோம். நிறுத்தி அடுக்கினால் வளைவில் சாயும்; எனவே லாரியில் மட்டும் படுக்கவைத்தோம். அப்படி வைக்கும்போது தொய்வு வராதிருக்க, குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, ஒவ்வொரு அடுக்கின் கட்டையும் கீழ்க் கட்டைக்கு நேர் மேலே அமையுமாறு பார்த்துக்கொண்டோம். கட்டைகள் விலகியிருந்தால் மேலுள்ள பாரம் கீழ் மரத்தை வளைத்துவிடும். சங்கிலியோ கயிறோ வேண்டாமென்று அகலமான நைலான் பட்டைகளால் கட்டி, விளிம்பு நசுங்காதிருக்கப் பட்டைக்கடியில் தடித்த அட்டைத் துண்டுகளைச் செருகினோம்.

மலையில் மரத்தைக் காப்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஈரம் முனைகள் வழியாகத்தான் விரைவாக ஏறும் என்பதால், வெட்டு முனைகளுக்கெல்லாம் முதல் வேலையாக பெயிண்ட் பூசினோம். கொட்டகையின் சிமெண்டுத் தரையிலும் நேரடியாக வைக்காமல், கான்கிரீட் பிளாக்குகளின் மேல் ரசமட்டம் பார்த்து அடுக்கினோம். மண்ணில் மரக்கட்டையை இட்டு அதன்மேல் அடுக்குவது கரையானுக்கு நாமே படி கட்டிக் கொடுப்பதாகும். தார்ப்பாயை மேலும் பக்கங்களிலும் மட்டும் போர்த்தி, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டோம். முழுவதும் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்து, வெளி மழையைவிட அதிகக் கேடு செய்யும்.

இரண்டு மரங்களை ஒட்டி நிறுத்தி ஓர் உத்திரமாக்குவது அடுத்த கட்டம். இந்த உயரத்துக்கு மூன்றரை அங்குல ஆணிகளை இரண்டு வரிசையாக, 12 அங்குலத்துக்கு ஒன்று வீதம் அடிப்பது வழக்கமான முறை. எங்கள் தளத்தில் குறுக்குச் சட்டங்கள் உத்திரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்குவதால், ஆணியோடு நில்லாமல் அரை அங்குல போல்ட்டுகளை இரு பக்கமும் வாஷரிட்டுப் போடும்படி சேலத்துப் பொறியாளர் வரைந்து கொடுத்தார். ஆணி எப்போதும் அகலமான முகத்தில்தான் இறங்க வேண்டும். தகடுகளின் விளிம்பு தெரியும் பக்கத்தில் நெருக்கமாக அடித்தால் பசைக்கோட்டின் வழியே பிளந்துகொள்ளும்.

சுவர்க் குழியில் உத்திரத்தை வைத்தபோது கொத்தனார், "சுத்திலும் கலவை போட்டு இறுக்காம விட்டா ஆடாதுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கலவை உறிஞ்சும் ஈரம் முழுவதும் மரத்தின் முனைக்குப் போய்விடும். அதனால் அடியில் ஈரம் ஏறாதிருக்கத் தார் ஃபெல்ட் (தார் ஊறிய விரிப்பு) விரித்து, பக்கங்களிலும் மேலும் முனையிலும் அரை அங்குலம் காற்றிடம் விட்டு, ஆட்டத்தை இரும்பு ஆங்கிள் துண்டுகளால் தடுத்தோம். அவரும் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்.

மின்சார வேலைக்காரர் வரும்முன், எங்கே துளையிடலாம் என்பதை உத்திரத்திலேயே சாக்குக்கட்டியால் கோடிட்டிருக்கிறேன்: நீளத்தில் நடு மூன்றிலொரு பங்கு, உயரத்திலும் நடு மூன்றிலொரு பங்கு, அவ்வளவே. கீழ் விளிம்பில் ஒரு சிறு வெட்டுக்கூட ஆகாது. இழுவிசை மிக அதிகமாக இருப்பது அந்த விளிம்பில்தான்.

இனிச் சட்டங்களைத் தொங்கவிட்டுப் பலகை பரப்ப வேண்டும். உத்திரத்தின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் உத்திரத்துக்கும் இருக்கும் இடைவெளியை அளந்து சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். சுமை ஏறியபின் தொய்வு, சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தில் 360-இல் ஒரு பங்கான சுமார் 12 மி.மீ.க்குள் அடங்குகிறதா என்பதை அதே நூலை வைத்துப் பார்ப்பேன்.