கான்ஃபிக் சோதனை ஆப்ஷன் சேர்த்தபோது கண்டவை

எங்கள் பேக்கப் டீமனில் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மட்டும் சோதித்துவிட்டு வெளியேறும் ஆப்ஷன் ஒன்றைச் சேர்த்தோம். ஆப்ஷனைப் படிக்கும் கோடு பத்து வரிதான். உழைப்பெல்லாம் கான்ஃபிக் ஏற்றும் பகுதியைப் பிரித்தெடுப்பதில் போனது.

பழைய கோடு ஒவ்வொரு வரியையும் படித்த கையோடு செயல்படுத்திவிடும். லாக் பாதை வந்தால் கோப்பைத் திறக்கும், போர்ட் எண் வந்தால் சாக்கெட்டைப் பிடிக்கும். அப்படியே விட்டால், டீமன் ஏற்கெனவே ஓடும் மெஷினில் ‘போர்ட் பயன்பாட்டில் உள்ளது’ என்று சோதனை தோற்கும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) சோதித்தாலோ இன்னும் மோசம்: இல்லாத லாக் கோப்பு ரூட் பெயரில் உருவாகிவிடும், பிறகு சாதாரண யூசராக ஓடும் டீமனால் அதில் எழுத முடியாது. (என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் சோதனையும் கான்ஃபிக்கில் சொன்ன கோப்புகளைத் திறந்துதான் பார்க்கும்.) ஆகவே படிப்பது, சரிபார்ப்பது, செயல்படுத்துவது என மூன்றாக வெட்டினோம். சோதனை இரண்டாவதோடு நின்றுவிடும். டீமனின் ப்ராசஸ் எண்ணை வைத்திருக்கும் பிஐடி கோப்பைத் தொடாது, ஃபோர்க் செய்து பின்னணிக்குப் போகாது. சோதனைக்கென்று தனியாக ஒரு குட்டி பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் கோடு) எழுதலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள், சீக்கிரமே இரண்டும் இரண்டு பதில் சொல்லும்.

மதிப்புப் பிழைகளை எல்லாம் சேர்த்து, கோப்புப் பெயர், வரி எண்ணோடு ஒரேயடியாகக் காட்டுகிறோம். அடைப்புக்குறி விட்டுப்போனது போன்ற இலக்கணப் பிழை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அதற்குப் பின் வரும் பிழைகள் பெரும்பாலும் பொய். எக்ஸிட் கோட் (வெளியேறும்போது தரும் எண்) சரியென்றால் 0, தவறென்றால் 1. எச்சரிக்கை மட்டும் இருந்தால் 0தான், இல்லாவிட்டால் பழைய ஆப்ஷன் பெயர் ஒன்றுக்காக ரீலோட் (ஓடும் டீமன் கான்ஃபிக்கை மறுபடி படிப்பது) நின்றுபோகும்.

லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில், ரீலோடின்போது ஓட வேண்டிய எக்ஸெக்‌ரீலோட் வரி இரண்டு: முதலில் சோதனை, அடுத்து, கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் ஹெச்யுபி சிக்னல். முதலாவது தோற்றால் இரண்டாவது ஓடாது, டீமன் பழைய கான்ஃபிக்கிலேயே தொடரும்.

மெஷின்களில் கான்ஃபிக்கை வைக்கும் அன்சிபிள் கருவியில்தான் மாட்டிக்கொண்டோம். அதில் கோப்புகளை உருவாக்கும் டெம்ப்ளேட் மாட்யூலின் வேலிடேட் ஆப்ஷன், புதிய கோப்பை உரிய இடத்தில் வைக்கும் முன் தற்காலிகப் பாதையில் வைத்துச் சோதிக்கும். எங்கள் இன்க்ளூட் (வேறு கோப்புகளைச் சேர்க்கும் வரி) பாதைகள் கோப்பு இருக்கும் டைரக்டரியை ஒட்டியவை; தற்காலிக டைரக்டரியில் அவை கிடைக்காமல், சரியான கான்ஃபிக்கும் தோற்றது. இன்க்ளூட்களுக்கு அடிப்படை டைரக்டரியைச் சொல்ல இன்னோர் ஆப்ஷன் சேர்த்த பிறகே வேலிடேட் வரி ஒழுங்காக ஓடியது.