யூடியூப் முகப்பைத் துலக்குவது: எந்த பட்டன் வேலை செய்யும், எது ஒப்புக்கு

வீட்டு டிவியில் ஒரே கூகுள் கணக்கு. காலையில் பாட்டிக்குப் பக்திப் பாட்டு, மத்தியானம் சமையல், சாயங்காலம் பொடிசுகளுக்குக் கார்ட்டூன், ராத்திரி அரசியல் விவாதம். இப்படி ஒரு மாதம் ஓடினால் யூடியூப் முகப்பில் யாருக்கும் உருப்படியாக ஒன்றும் தேறாது. எரிச்சலில் எல்லோரும் முதலில் தேடுவது அந்த மூன்று புள்ளியைத்தான். அதற்குள் ‘நாட் இன்ட்ரஸ்டட்’. அழுத்தினால் அந்த ஒரு வீடியோ மறைகிறது. மறுநாள் அதே சரக்கு வேறொரு சேனலிலிருந்து வந்து நிற்கிறது.

நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதோ என்று நினைக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2022 செப்டம்பரில் இதையே சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 22,722 பேர் தங்கள் பிரவுசரில் ஒரு நீட்டிப்பை (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொண்டு, தாங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு யூடியூப் என்ன பரிந்துரைக்கிறது என்று பதிவாக விட்டார்கள். பட்டன் எதுவும் வேலை செய்யாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், வேண்டாத பரிந்துரைகளை ‘நாட் இன்ட்ரஸ்டட்’ 11 சதவீதம்தான் தடுத்தது. டிஸ்லைக் 12 சதவீதம். பார்த்த வரலாற்றிலிருந்து வீடியோவை நீக்கியது 29 சதவீதம். ‘டோன்ட் ரெகமெண்ட் சேனல்’ 43 சதவீதம். அதாவது நாம் அதிகம் அழுத்தும் இரண்டும் கடைசி இரண்டு இடங்களில். ஒரு தலைப்பையோ கருத்தையோ முழுசாக வடிகட்டுவது இந்த பட்டன்களின் வேலையே இல்லை என்பது யூடியூப் தரப்பின் பதில். சரி, அப்படியென்றால் அதை பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

காரணம் பழையது. 2010 வரை யூடியூபில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு இருந்தது. அழுத்துகிறவர்களில் பெரும்பாலானோர் ஐந்தையே அழுத்துகிறார்கள், நடுவில் இருக்கும் இரண்டு, மூன்று, நான்கை யாரும் சீண்டுவதில்லை என்று 2009-இல் அவர்களே எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு கட்டைவிரலுக்கு மாறினார்கள். 2012-இல் பரிந்துரையின் அடிப்படையே கிளிக் எண்ணிக்கையிலிருந்து பார்த்த நேரத்துக்குப் போனது. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தார்கள். பட்டன் மட்டும் இருக்கிறது. பட்டனை அழுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். பார்ப்பதோ எல்லோரும், நாள் முழுக்க. அதனால் நாம் வாயால் சொல்வதைவிட, எதன் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பதைத்தான் ஆப் நம்புகிறது. முகப்பைத் துலக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் ‘ஹிஸ்டரி’.

போனில் கீழே வலது மூலையில் ‘யூ’ என்று இருக்கும். அதைத் தொட்டு ‘ஹிஸ்டரி’, பிறகு ‘வியூ ஆல்’. ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்து மூன்று புள்ளியில் ‘ரிமூவ் ஃப்ரம் வாட்ச் ஹிஸ்டரி’ இருக்கிறது. பலர் கவனிக்காதது அந்தப் பக்கத்திலேயே இருக்கும் தேடல் பெட்டி. முகப்பை நாறடிப்பது எந்த வகை என்று தெரிந்தால் அந்தச் சொல்லை அங்கே போட்டுத் தேடுங்கள். தமிழ் சேனல்கள் தலைப்பைத் தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை வைப்பதால் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். தமிழில் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். வந்ததை ஒவ்வொன்றாக நீக்குங்கள். கம்ப்யூட்டரில் இது இன்னும் வேகம்: வீடியோவின் மேல் மவுஸை வைத்தால் ஒரு பெருக்கல் குறி வரும், ஒரே கிளிக்.

பார்த்ததை நீக்கியும் முகப்பு திருந்தவில்லையா? தேடியதும் தனியாகப் பதிவாகிறது. தலைவலிக்கு மருந்து என்று ஒரே ஒரு நாள் தேடியவர் முகப்பில் பல நாளைக்கு நாட்டு வைத்தியர்கள் வரிசையில் நிற்பதற்கு அதுதான் காரணம். ‘மேனேஜ் ஆல் ஹிஸ்டரி’ வழியாகப் போனால் பார்த்தது, தேடியது இரண்டும் தேதிவாரியாகக் கலந்து வரும். அங்கே ‘டிலீட்’ பட்டனில் இன்றையது மட்டும், இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டது, எல்லாமே என மூன்று வழி உண்டு. டிவியை ஓடவிட்டுத் தூங்கிப்போன ராத்திரிக்கு இந்தத் தேதி வழிதான் மருந்து. ஆட்டோபிளே அடுத்தடுத்து போட்டுக்கொண்டே போன அத்தனையும் நீங்கள் ஆசையாகப் பார்த்ததாகக் கணக்கில் ஏறியிருக்கும். ஒவ்வொன்றாக நீக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

அதே பக்கத்தில் ‘ஆட்டோ டிலீட்’ இருக்கிறது: 3 மாதம், 18 மாதம், 36 மாதம். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் யூடியூப் வரலாறு 36 மாதம் என்றே வருகிறது. அதை 3 மாதத்துக்கு இறக்கிவிடுவதுதான் என் சிபாரிசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளையின் பரீட்சைக்குப் பார்த்த வேதியியல் பாடம் இன்றைக்கு யாருக்கு வேண்டும்?

வரலாற்றை முழுசாக அழித்து, பதிவையும் நிறுத்திவிடும் வழியும் உண்டு. அதைச் செய்யும் முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, பதிவு நிறுத்தப்பட்டு, பழைய வரலாறும் பெரிதாக இல்லாத கணக்குக்கு முகப்பில் பரிந்துரையே வராது. தேடல் பெட்டியும் ஓரத்து மெனுவும் மட்டும் நிற்கும். சிலருக்கு இதுவே சொர்க்கம். இரண்டாவது, பாதியில் விட்ட வீடியோவின் கீழே தெரியும் சிவப்புக் கோடு போய்விடும். இரண்டு மணி நேரக் கச்சேரியை நாலு தவணையில் கேட்கிறவருக்கு இது பெரிய இழப்பு. பதிவை நிறுத்தும் இடத்தில் பார்ப்பதற்கு ஒரு கட்டமும் தேடுவதற்கு ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கும். தேடலை மட்டும் நிறுத்திவிட்டுப் பார்ப்பதை விட்டுவைப்பது நல்ல சமரசம்.

இதெல்லாம் கொட்டிய பிறகு அள்ளுவது. கொட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை தனி. முகப்பில் விரலை நகர்த்தும்போதே படம் சத்தமில்லாமல் தானாக ஓட ஆரம்பிக்கிறதே, அதற்குப் பெயர் ‘பிளேபேக் இன் ஃபீட்ஸ்’. அது சற்று நேரம் ஓடினால் நீங்கள் திறக்காத வீடியோவும் வரலாற்றில் இடம் பிடிக்கக்கூடும். டேட்டாவும் போகிறது. செட்டிங்ஸில், ஆப் பதிப்பைப் பொறுத்து ‘ஜெனரல்’ அல்லது ‘பிளேபேக்’ பகுதியில், இதற்கு எப்போதும், வைஃபையில் மட்டும், வேண்டாம் என்று மூன்று தேர்வு உண்டு. வேண்டாம் என்று வையுங்கள். ஆட்டோபிளேவை நிறுத்துவது பிளேயருக்குள்ளேயே இருக்கும் சின்ன சுவிட்ச். ஒரு சாதனத்தில் நிறுத்தினால் மற்றதில் நிற்காது. போன், கம்ப்யூட்டர், டிவி மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டிவியில் அது செட்டிங்ஸுக்குள் இருக்கிறது.

டிவி என்றதும் ஒன்று. ரிமோட்டில் மூன்று புள்ளியைத் தொட முடியாது என்பதால் அங்கே எதுவும் செய்ய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வீடியோவின் படத்தின் மேல் நின்று ஓகே பட்டனைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். அதே மெனு வரும். அதில் ‘டோன்ட் ரெகமெண்ட் சேனல்’ கண்ணில் பட்டால் தயங்காமல் அதையே எடுங்கள். ‘நாட் இன்ட்ரஸ்டட்’தான் எடுப்பேன் என்றால், போனில் அழுத்தியதும் வரும் ‘டெல் அஸ் ஒய்’ என்பதையும் தொடுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டேன், பிடிக்கவில்லை என்று இரண்டு காரணம் கேட்கும். இரண்டுக்கும் அர்த்தம் வேறு. பார்த்துவிட்டேன் என்றால் அதே மாதிரி இன்னும் கொடு என்பதற்குத் தடையில்லை.

உண்மையான தீர்வு ஆளுக்கொரு வரலாறு. அதற்கு ஆளுக்கொரு ஜிமெயில் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரே கூகுள் கணக்குக்குள் இன்னொரு சேனல் தொடங்கினால் அதற்கென்று தனி வரலாறு, தனி சப்ஸ்கிரிப்ஷன், தனி முகப்பு வந்துவிடும். கம்ப்யூட்டரில் யூடியூபைத் திறந்து செட்டிங்ஸ், ‘அக்கவுண்ட்’, ‘ஆட் ஆர் மேனேஜ் யுவர் சேனல்ஸ்’, ‘கிரியேட் எ சேனல்’. பெயர் ‘பாட்டி’ என்றே வைக்கலாம். வீடியோ எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. அதன் பிறகு டிவியில் இடது மெனுவின் உச்சியில் இருக்கும் முகத்தைத் தொட்டால் இரண்டு பெயரும் தெரியும். யார் பார்ப்பது என்று கேட்கும் திரை வரும்போது அவசரத்தில் முதல் பெயரையே அழுத்தித் தாண்டினால் இத்தனையும் வீண். ஒரு குறை: பிரீமியம் கட்டணம் கட்டியிருந்தால் அந்தச் சலுகை கட்டிய சேனலுக்கு மட்டும்தான்; பாட்டி சேனலில் விளம்பரம் வரும். விருந்தாளி வந்து ஏதாவது போடச் சொன்னால் டிவியில் ‘கெஸ்ட்’, போனில் ‘இன்காக்னிட்டோ’ போதும்.

குழந்தைகள் விஷயத்தில் வேறு சிக்கல். சில வீடியோக்களில் கமெண்ட் இல்லை, பெல் இல்லை, மினி பிளேயருக்குச் சுருக்கவும் முடியவில்லை. போன் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். கெடவில்லை. சிறுவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுள் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியிலிருந்து ‘மேட் ஃபார் கிட்ஸ்’ என்று குறித்த வீடியோக்களுக்கு இந்த வசதிகளை உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். அந்தக் குறியைப் போடுவது வீடியோ ஏற்றியவர் பொறுப்பு. போடாமல் விட்டால் கார்ட்டூன் போலவே தெரியும் வேறு சரக்கு பக்கத்தில் வந்து உட்காரும். பெரியவர் கணக்கில் பிள்ளையை விட்டுவிட்டு முகப்பைத் திட்டிப் பயனில்லை. யூடியூப் கிட்ஸ் ஆப்பில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று படி உண்டு. அதற்கும் மேலே, நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோவும் சேனலும் மட்டும் தெரியும்படி ‘அப்ரூவ்டு கன்டென்ட் ஒன்லி’ இருக்கிறது. அதைப் போட்டால் தேடல் பெட்டியே வராது. முதலில் அரை மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நோட்டிஃபிகேஷனுக்கு ஒரே வரி: செட்டிங்ஸில் ‘ஷெட்யூல்டு டைஜஸ்ட்’ போட்டு நேரம் குறித்தால் நாள் முழுக்கச் சிணுங்குவதற்குப் பதில் ஒரே தடவை வரும்.

நெட்ஃபிளிக்ஸில் கதை கொஞ்சம் சுலபம், ஏனென்றால் ஒரு கணக்குக்கு 5 புரொஃபைல் முதலிலிருந்தே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அங்கும் 2017-இல் நட்சத்திரம் போய்க் கட்டைவிரல் வந்தது. 2022-இல் இரட்டைக் கட்டைவிரலும் சேர்ந்தது. அங்கும் வரலாறுதான் பேசும். பிரவுசரில் கணக்குப் பக்கத்துக்குப் போய் உங்கள் புரொஃபைலில் ‘வியூவிங் ஆக்டிவிட்டி’யைத் திறந்தால் தேதிவாரியாகப் பட்டியல் வரும், ஓரத்தில் இருக்கும் குறுக்குக்கோடு போட்ட வட்டத்தை அழுத்தினால் அந்தத் தலைப்பு பரிந்துரைக் கணக்கிலிருந்து விலகும். உடனே விலகாது, எல்லாச் சாதனத்திலும் மறைய 24 மணி நேரம் வரை ஆகலாம். ‘கன்டின்யூ வாட்சிங்’ வரிசையிலிருந்து எடுத்துவிட்டு இதுவும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அது வரிசையிலிருந்து மட்டும்தான் போகிறது. மெனுவில் நின்றாலே டிரெய்லர் கத்த ஆரம்பிப்பதை நிறுத்தும் வசதி 2020 பிப்ரவரியில்தான் வந்தது. அதே புரொஃபைல் பக்கத்தில் ‘பிளேபேக் செட்டிங்ஸ்’. இரண்டு கட்டங்களில் இரண்டாவது அது, முதலாவது அடுத்த எபிசோடு தானாக ஓடுவதற்கு.

கடைசியாக, ‘டோன்ட் ரெகமெண்ட் சேனல்’ நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். கோபத்தில் நல்ல சேனலையும் சேர்த்து அடித்துவிட்டால், யூடியூப் ஆப்புக்குள் எங்கு தேடினாலும் அந்தப் பட்டியல் கிடைக்காது. கூகுளின் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில் ‘அதர் ஆக்டிவிட்டி’க்குள் யூடியூபின் ‘நாட் இன்ட்ரஸ்டட்’ கருத்துகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ‘டிலீட்’ கொடுத்தால் இதுவரை வேண்டாம் என்று சொன்னவை மொத்தமாக அழியும். ஒதுக்கிய சேனல்கள் எல்லாம் மறுபடி வரலாம். ஒரே ஒரு சேனல்தான் திரும்ப வேண்டும் என்றால் அதில் கை வைக்காதீர்கள். சேனலின் பெயரைத் தேடி, சப்ஸ்கிரைப் செய்து, ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பின்தொடரும் சேனல்களின் புதிய வீடியோக்கள் அங்கே தேதி வரிசையில் வரும்.