சாரல் காலத்தில் அகில் கட்டை ஏற்றுபவர்களுக்கு

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் செல்லும் சாலையில், ஆனி, ஆடிச் சாரலில் அகில் கட்டை ஏற்றிச் செல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஈரத்தைப் பற்றித்தான். காயம்பட்ட மரத்துக்குள் பூஞ்சை புகுந்த பின் ஊறும் பிசினே அகிலுக்கு மணம் தருகிறது. ஆனால் வெட்டிய பிறகு மூட்டைக்குள் பிடிக்கும் பூசணம் அந்த மணத்தைக் கெடுத்துவிடும். ஆகவே கட்டையை நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, கறுத்த பிசின் பகுதியையும் வெள்ளை மரத்தையும் தனித்தனியே பிரித்து, டீசலோ பூச்சிமருந்தோ வாடை அண்டாத பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும். வெயிலில் காய வைப்பதை நான் ஏற்பதில்லை. வாசனை ஆவியாகிப் போகிறது. செதுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். 1995 முதல் அசாம் அகில் மரம் அருகிவரும் காட்டுயிர், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சான்று வேண்டும். மாநில எல்லை தாண்டுமுன் வனத்துறையிடம் விசாரித்து, உரிய ஆவணங்களை வண்டியிலேயே வைத்திருங்கள்.